புரட்டாசியில் வஞ்சிரம் கேட்டவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மீன்காரியிடமிருந்து கிடைத்தது. முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "சேக்காட்டில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்..." மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன், வாசகரே. மணவாளன் என் கணவர். ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருமாள் மாதமான புரட்டாசி பிறந்தால் வீட்டில் முட்டை ஓடுகூடக் கிடக்கக் கூடாது என்பவர். [கொஞ்சம் மிகைதான். இருக்கட்டும்.]

2

அந்தப் புரட்டாசியில், மீன் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்தில், மீன்காரி நாகவல்லி எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"யக்கா, தப்பா எடுத்துக்காத. அண்ணன் கடைக்கு வந்து வஞ்சிரம் கேக்குறாரு. மொத நாளு தமாஷுன்னு நெனச்சேன். இன்னிக்கும் வந்து கேக்குறாரு. நான் தரல."

"மறந்திருப்பார்" என்றேன்.

"அதான் யக்கா சொல்றேன். எங்க மாமனாருக்கும் இப்டிதான் ஆரம்பிச்சுது. வயசாயிடுச்சுன்னு உட்டுட்டோம். நீ உடாத."

அவர் சொன்னதையே சொல்வதை, கேட்டதையே கேட்பதை, வேலையில்லாதவரின் பொழுதுபோக்கு என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

3

வியாபாரமே இல்லாத நேரத்தில் மீன் தர மறுத்த நாகவல்லியை நீங்கள் நம்ப மாட்டீர்களோ என்று ஒரு வரைவில் அவளை மீனை விற்க வைத்தேன். அதில் நான் அவரைத் திட்டுகிறேன், அவர் சிரிக்கிறார், அத்தோடு விஷயம் முடிகிறது. அவருக்கு என்னவென்று யாரும் கவனிக்காமலே வருடங்கள் வீணாகப் போகின்றன. படிக்கவே பயமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

4

"மறதி நோயின் தொடக்கம். முழுசாகக் குணமாகாது. ஆனால் நல்லவேளை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள்" என்றார் டாக்டர். ஒரு நாள் என்னையும் மறந்துவிடுவாரே என்று அழுதேன். நல்லவேளை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

இதுவரை எழுதியதை அவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"என் பேரை மாத்தாத. எனக்குத் தெரியறப்பவே அந்தப் பொண்ணுக்கு நன்றி சொல்லணும். வா, போலாம்."

போனோம். கை கூப்பினார். "மீன் குடுக்காததுக்கு ரொம்ப நன்றிம்மா."

"ஐய, இன்னாண்ணே இது" என்று நாகவல்லி வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

5

முடிவு (அ): மருந்து நன்றாகப் பலித்து...

முடிவு (ஆ): ஒரு நாள் அவர் என்னைப் பார்த்து, "நீங்க..."

இரண்டையும் எழுதப் போவதில்லை. நேற்று சாயங்காலம் அவர், "அந்த மீன்காரப் பொண்ணுக்கு ஒரு நன்றி சொல்லணுமே, போலாமா?" என்றார். போகலாம் என்று செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

மற்றதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நாகவல்லி முதல் தடவை போலவே வெட்கப்படட்டும்.