மூன்றாவது கோப்பையின் பச்சிலை வாசம்

ஜூலை 18, வெள்ளி

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். குற்றாலத்தில் மூலிகை எண்ணெய் மசாஜ் செய்த தலையோடு ஒயின் ருசித்தறியும் வகுப்புக்குப் போய்விட்டேன். அருவியில் நின்றால் எண்ணெய் போய்விடும் என்பது என் கருத்து. அருவிக்கு அப்படிக் கருத்து எதுவும் இல்லை.

மேலகரம் மாலை வகுப்பில் இன்று தேர்வு. விஸ்வநாதன் சார் புட்டிகளைத் துணியால் சுற்றி மூன்று கோப்பை ஊற்றினார். மூன்றாவது எந்தத் திராட்சை என்று சரியாகச் சொல்லும் ஒருவருக்கு மட்டும், கொச்சியில் சொகுசுக் கப்பல் வேலைக்கு அவருடைய சிபாரிசு. சார் கப்பலில் இருந்தவர். உலகத்தை மூக்கால் அளந்தவர். அதை அவரே அடிக்கடி சொல்வார்.

மூன்றாவது கோப்பையில் பச்சிலை மணத்தது. ஷிராஸ் திராட்சைக்கும் அப்படி ஒரு மணம் உண்டு என்று 'ஷிராஸ்' என எழுதினேன். பிறகு பார்த்தால் முதல் இரண்டும் அதே மணம். தண்ணீர் டம்ளரும்கூட. சந்தேகம் என் தலைமேல் வந்தது.

எழுதியதை அடித்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் நம்பினேன். நாவல்பழக் கறுப்பு, ஆனால் நாவல்பழம்போல் நாக்கை இழுக்கவில்லை. புளிப்பு மட்டும் பல்லைக் கூசச் செய்தது. கறுப்பும் புளிப்பும் இருந்து துவர்ப்பு இல்லையென்றால் குளிர்நாட்டுக் கலப்பினம் என்பது பாடம். பயந்துகொண்டே 'பாக்கோ நுவார்' என்று எழுதினேன்.

சரியாம். மற்ற எல்லோரும் ஷிராஸ்.

"மகாதேவனுக்குத்தாம்பா மூக்கு இருக்கு," என்ற சார், என் அருகில் நின்றே கோப்பையை முகர்ந்தார். "இந்தப் பச்சிலை வாசம் இருக்குல்லா, அதான் பாக்கோ நுவாருக்கு அடையாளம். எழுதிக்கோங்க."

எல்லோரும் என் தலையை எழுதிக்கொண்டார்கள்.

வாசலில், பக்கத்து இருக்கை இசக்கிச்செல்வி பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, தலையில என்னத்தலே தேச்சிருக்க? வைத்தியசாலை மாதிரி மணக்குது. அத மோந்துட்டுல்லா நான் ஷிராஸ்னு எழுதுனேன்!"

"மசாஜ் எண்ணெய் செல்வி. தெரியாம வந்துட்டேன்."

"நீ கப்பல்ல போவ, நான் ஒன் தலைய மோந்துட்டு இங்கன கெடக்கணுமாக்கும்?"

நியாயம்தான். ஆனால் உலகத்தை அளந்த மூக்கிடம், இன்று அளந்தது என் மண்டையை என்று யார் சொல்வது? நான்தான்.

நாளை: காலையில் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளிக்க வேண்டும். வகுப்புக்கு முன்பே போய்ச் சாரிடம் எண்ணெய் விஷயத்தைச் சொல்லி, செல்விக்கும் எனக்கும் வேறொரு கோப்பை ஊற்றச் சொல்ல வேண்டும்.