வேலிக்குள் நிற்காத நிலம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைப் பார்த்தாலும் போனை நீட்டத்தான் தெரியும், கோபப்படத் தெரியாது. கபூலிக் குடாவில் இருந்த எர்மினின் நிலம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எழுந்து, பாறைமுனையைச் சுற்றி நடந்து, தெற்குக் குடாவில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கும் போனைத்தான் நீட்டினார்கள்.

அது குடும்ப நிலம். எங்கள் செயின்ட் லூசியாவில் குடும்ப நிலம் என்றால் செத்தவனுக்கும் பங்கு உண்டு, இன்னும் பிறக்காதவனுக்கும் உண்டு. பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியை அங்கே புதைத்து மேலே ஒரு கன்று நடுவோம். எர்மினின் கொடிமேல் நின்றது ஒரு சீமைப்பலா. பிரெஞ்சுக்காரன் இந்தத் தீவைப் பிடித்தான், இங்கிலீஷ்காரன் பிடுங்கினான், மறுபடி அவன், மறுபடி இவன். நாய்கள் எலும்புக்கு அடித்துக்கொண்ட மாதிரி. எலும்பு நாங்கள். கரும்பு போய் வாழை வந்தது, வாழையைப் புயல் சாய்த்தது, மிச்சத்தை வாங்க ஆளில்லை. அதற்கப்புறம் கடற்கரையைத் தேடி விடுதிக்காரன் வந்தான்.

எல்லாருக்கும் சொந்தம் என்பதால் நிலத்தை எவர் பெயரிலும் எழுதி வைக்காதது எங்கள் ஆட்களின் முட்டாள்தனம். லண்டனில் பிறந்த கிளோவிஸ், எர்மினின் அண்ணன் மகன், இந்த மண்ணில் கொடி புதையாதவன், தான்தான் ஒரே வாரிசு என்று சொல்லி விற்றுவிட்டான். இரும்பு வேலி வந்தது. எர்மினைத் தெற்குக் குடாவில் மகளின் வாடகை வீட்டுக்குத் துரத்தினார்கள். கம்பிக்குள் கைவிட்டு ஒரு காய் பறிக்கப் போனவள்மேல் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பலாவை வெட்டவும் நாள் குறித்தார்கள்.

வெட்ட வந்தவர்கள் கண்டது வேலியை மட்டும். உள்ளே இடுப்பளவு கடல், அதில் நெத்திலி. நிலம் எர்மினின் மகள் வாசலில் இருந்தது, பலாவோடும் கோழிகளோடும் புருஷன் கல்லறையோடும். கல்லறைமேல் வைத்த கண்ணாடிக் குவளைகூடச் சாயவில்லை. விடுதிக்காரன் இயந்திரம் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்தான். சங்கிலி அறுந்தது. இப்போது எர்மின் அங்கேயே குடிசை போட்டுவிட்டாள். வேன்காரன் "நடந்த நிலம் இறங்கு" என்று கத்துகிறான், ஜனங்களும் இறங்குகிறார்கள்.

எர்மின் என் மகளுக்கு ஞானத்தாய், அந்த முறையில் எங்கள் ஊர்ப் பேச்சில் நான் அவளுக்குக் 'கொம்பே'. போன ஞாயிறு சுட்ட பலாவும் உப்புக் கருவாடும் வைத்தாள்.

"தின்னு கொம்பே. மூஞ்சி ஏன் புளியங்காயத் தின்னாப்ல இருக்கு?"

"இதுக்கு நடக்கத் தெரியுமா?"

"பாத்தேல்ல?"

"அப்ப நம்ம பாட்டன்மார வெள்ளக்காரன் சங்கிலில கட்டி கபூலிக் குடாவுல இறக்குனானே, அன்னிக்கு எங்க போச்சு இதோட காலு? சாட்டையடி வாங்கிக்கிட்டே கரும்பு வெட்டுனாங்களே, அப்ப?"

எர்மின் சிரித்தாள். "அப்ப நம்மள யாருன்னே அதுக்குத் தெரியாதே. கொடி ஒவ்வொண்ணா உள்ள போகப் போகத்தான் பழகுச்சு."

"அத்தன பேரு பொணமா உள்ள போனாங்க. அது பத்தலையாக்கும்?"

அவள் சிரிப்பு நின்றது. இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தாள். நான் தொடவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன். நிலம் பின்னாலேயே வருகிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.