எதிர்ப்பக்கத்து நிழல்

படத்திலிருந்த ஜன்னலில் அந்தப் பெண் தெரிந்ததும் தங்கைக்கு முதலில் வந்தது பேய் பயம் அல்ல, கண் பயம்.

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சுவரில் இல்லாத கறையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் பெற்ற மகள்களையே குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் கண் என்ற பேச்சையே எடுப்பதில்லை, எடுத்தால் வந்துவிடும் என்பதுபோல.

பிழைப்போ கண்ணை நம்பித்தான். மாடியறையில் அக்கா பழைய புத்தகங்களின் முதுகைப் பிரித்துத் தைத்து ஒட்டுவாள். அவற்றிலுள்ள செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்களுக்குத் தங்கை வண்ணம் தீட்டுவாள். எல்லாம் அந்தக் காலத்தில் கப்பலேறித் தூர தேசம் போய்வந்த ஐரோப்பியர்களின் பயணக் கதைகள். படத்தைச் செதுக்கியவன் பெரும்பாலும் தன் தெருவைத் தாண்டியிருக்க மாட்டான். காதில் விழுந்ததை வைத்து யானைக்குக் குதிரைக்கால் போட்டிருப்பான், பனைமரத்துக்குக் கிளை விட்டிருப்பான்.

இந்தப் படம் ஒரு துறைமுகம். கப்பல்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வலது ஓரத்தில் உயரமான ஒரு வீடு. அதன் மேல் ஜன்னலில், நகக்கண் அளவுக்கு ஒரு முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நேற்று அங்கே கறுப்புக் கோடுகள் மட்டும்தான் இருந்தன. தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்வாள்.

தங்கை இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். ஜன்னலில் அந்தப் பெண் இருந்தாள். வலது கண்ணைப் பொத்தினாள். அப்போதும் இருந்தாள். வெள்ளைச் சுவரைப் பார்த்தாள், அங்கே இல்லை. அம்மாவின் கறை அவள் எங்கே பார்த்தாலும் கூடவே போகும். அப்படியானால் இது வேறா? அல்லது அம்மாவுக்கு வந்ததைவிட மோசமான ஏதோ ஒன்றா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"என்னடி, ஒத்தக் கண்ணைப் பொத்திக்கிட்டு யாருக்குச் சாடை காட்டுற?" என்றாள் அக்கா, பசைக் கிண்ணத்திலிருந்து நிமிராமலே.

"தூசி விழுந்துடுச்சு."

"காலையிலேர்ந்து விழுந்துக்கிட்டே இருக்கா? மேல கூரை இருக்கான்னு பாரு."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. மறைத்துக்கொண்டே வண்ணம் தீட்டினால் என்றைக்காவது ஒரு நல்ல படம் பாழாகும். சொன்னால் இன்றோடு தூரிகையைக் கீழே வைக்க வேண்டியதுதான். எந்தப் பக்கம் போனாலும் முள். கடைசியில் வாய் தானாகவே திறந்தது.

"அக்கா, இந்த மேல் ஜன்னல்ல யாராவது இருக்காங்களா?"

அக்காவின் கை அப்படியே நின்றது. "உனக்கும் தெரியுதா?"

"உனக்குமா?"

"ஒரு வாரமா, புள்ள! அம்மா மாதிரி எனக்கும் வந்துடுச்சுன்னு நான் தூங்கவே இல்ல. உன்கிட்ட சொன்னா ஊசியைப் பிடுங்கி ஒளிச்சு வச்சிடுவியோன்னு..."

"நான் பிடுங்குறேனா? நீ என் தூரிகையைப் பிடுங்குவியோன்னுல்ல நான் பயந்து செத்தேன்!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் தெரியுதுன்னா அவ இருக்கான்னுதானே அர்த்தம்? நம்ம கண்ணு நல்லாத்தான்டி இருக்கு. அவளுக்குத்தான் என்ன முடி! முதுகு பூரா விரிச்சுப் போட்டிருக்கா."

"முதுகா?"

"ஆமா. நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தானே நிக்கிறா."

அக்காவின் விரல் படத்தில் இல்லை, எதிர்ப்பக்கத்தில் இருந்தது. நூற்றாண்டுகளாக மூடிக் கிடந்த புத்தகத்தில் மையின் எண்ணெய் எதிர்த் தாளில் ஊறி, படம் இடவலம் மாறிப் பழுப்பு நிழலாகப் பதிந்திருக்கும். அந்த நிழலில் வீடு இடது ஓரத்தில் நின்றது. ஜன்னலுக்குள் ஒரு பெண்ணின் முதுகும் இடுப்புவரை அவிழ்ந்த கூந்தலும்.

"படத்துல பாத்தா வெறும் இருட்டாத்தான் இருந்துச்சு. நிழல்லதான் முடின்னு தெரிஞ்சுது. அதான் கண்ணு போச்சுன்னு நினைச்சேன்," என்றாள் அக்கா.

நேற்று தங்கை பார்த்த கறுப்புக் கோடுகள் அந்தக் கூந்தல்தான்.

தங்கை புத்தகத்தை அக்கா பக்கம் தள்ளினாள். அக்கா படத்தின் மேல் குனிந்தாள்.

"இங்க நம்ம பக்கம் திரும்பியிருக்கா," என்றாள்.

"தெளிவாத் தெரியுதா, அக்கா?"

"தெளிவா."

காலையிலிருந்து தங்கை ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

"மூடிடலாம்டி."

"நீ மூடு."

"நீதான்டி திறந்து வச்ச."

இருவரும் கை நீட்டவில்லை. மூடினால் அந்த முகம் எதிர்ப்பக்கத்து நிழலில் தன் முதுகின் மேலேயே போய்ப் படியும். மூடாவிட்டால் இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கும்.

தங்கை மறுபடியும் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பிறகு மற்றதை. இந்த முறை, தன் கண் கெட்டுத்தான் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே.