சபையில் சொல்ல நாலு வரி

1

இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்துப் பிடித்ததல்ல. என் வகுப்பில் ரெஜிஷா என்கிற பெண் பயிற்சிக்காகக் கொண்டுவந்த ஒரு பக்கத்திலிருந்து எடுத்தது. எடுத்தது என்று மரியாதையாகச் சொல்கிறேன். களவு என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வடசேரியில், ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில், வெளிநாடு போகிற நர்சுகளை இங்கிலீஷ் பரீட்சைக்குத் தயார்செய்கிறேன். மிச்ச நேரத்தில் கதை. (கதையை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. அது வேற பெகளம், அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.)

தொடக்கம் மூன்று தடவை எழுதினேன்.

"கீரிப்பாறையில் அன்று மழை பெய்து—" அங்கே மழை பெய்யாத நாள் எது ஓய்?

"ராஜையன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர். விடியுமுன்னே—" இப்படித் தொடங்கினால் தோட்டத்துக் கதை என்று நீங்கள் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அவர் ரெஜிஷாவின் அப்பா, மனைவியை இழந்தவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அவ்வளவு போதும்.

"சாகப்போகிற அப்பாவிடம் ஒரு மகள்—" இதுதான் சரியான தொடக்கம். வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

2

பரீட்சையில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுப்பார்கள். அதையே சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். பிள்ளைகள் என்ன செய்யும்? ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே குழியில் வேறு சொல்லை நடும். ஷிஜின் என்று ஒருத்தன். "கிழவர் குளிமுறியில் வழுக்கி விழுந்தார்" என்பதை அவன் மாற்றியதைத் தமிழில் சொன்னால், "பழமையான ஆண்மகன் நீராடும் அறையில் வீழ்ச்சி கண்டார்" என்று வரும். எலே, அவரு விழுந்தாரா, ராஜ்யம் விழுந்ததா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். இரண்டு தடவை வாசி. பேப்பரைக் கவிழ்த்து வை. எதிரே ஒரு ஆள் இருக்கிறதாக நினைத்து அவனிடம் வாயால் சொல்லு. சொன்னதை எழுது. பிறகு பேப்பரைத் திருப்பிப் பார்: நீ கூட்டியது என்ன, விட்டது என்ன? கூட்டியதை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். விட்டது சட்டென்று கண்ணில் படாது.

3

ரெஜிஷா கெட்டிக்காரி. அவள் கொண்டுவந்த பக்கம் ஒரு ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் பேப்பர். பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே நீட்டினாள். வயிற்றுப் புற்று, கல்லீரலுக்குப் பரவியாயிற்று, கீமோவால் இனிப் பிரயோஜனமில்லை, வலியைத் தணிக்கலாம், சில மாதங்கள். அதைத் தன் வார்த்தையில் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தாள். முழு மார்க் போட்டேன்.

"யாரும்மா இது?"

"அப்பா, சாறே."

பேனாவை மூடி வைத்தேன்.

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கட்டி இருக்குப்பா, இனி கீமோ கெடையாது, வலிச்சா மாத்திரை உண்டுன்னு சொன்னேன்."

"மத்தது?"

"விட்டுட்டேன்."

பரீட்சையில் தேறி, அயர்லாந்தில் வேலையும் உறுதியாகிவிட்டது; கை பழகத்தான் இன்னும் வகுப்புக்கு வருகிறாள். மாசக் கடைசியில் விமானம். "நான் போணும்னு அவரு எத்தற வருஷமா சொல்லுகாரு தெரியுமா சாறே? அவரு சமாதானமா இருந்தா போவேன். அவருக்குத் தெரிஞ்சிட்டுன்னா நான் எங்கேயும் போமாட்டேன், கூடத்தான் இருப்பேன்" என்றாள்.

(இந்த இடத்தை வாசித்துவிட்டு என் மனைவி ராஜி, "இவ என்ன பெண்ணு? அப்பன் சாகக் கெடக்கான், பெட்டி கட்டுகா?" என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அவளைக் கொஞ்சம் நல்லவளாக்கி எழுதிப் பார்த்தேன், அழவிட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. அன்று அவள் அழவில்லை. கட்டைவிரல் மட்டும் அந்தப் பெயர்மேலேயே இருந்தது.)

4

அவர்கள் போகிற கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம் உண்டு. எனக்கு அது புதிது. நாங்கள் கோயிலுக்குப் போனால் வேண்டுவதும் வாங்குவதும் எங்களுக்கும் சாமிக்கும் இடையிலான சமாச்சாரம். அவர்களோ நன்மை கிடைத்தால் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். சொன்ன சாட்சியை மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை, அது கர்த்தர் முன்னால் சொன்னது.

போன ஞாயிறு ராஜையன் எழுந்து நின்றார்.

"கர்த்தர் எனக்க வயித்தைத் தொட்டாரு. இனி கீமோ வேண்டாம்னு டாக்டர்மாரே சொல்லியாச்சு. நான் சொகமாயிட்டேன். எனக்க மவ தைரியமா போலாம்."

சபை முழுக்க ஆமென் என்றது. பாட்டுக்குழுப் பெஞ்சில் இருந்த ரெஜிஷாவும் சொன்னாளாம். சாயங்காலம் எனக்கு போன் செய்து அழுதாள். "நான் விட்ட எடத்தை அவரு நெரப்பிட்டாரு சாறே. எப்பிடி நான் திருத்துவேன்? எல்லாரு முன்னாலயும் அப்பா பொய் சொன்னாருன்னு சொல்லணுமா?"

இங்கேயே முடித்துவிட நினைத்தேன். அவள் விமானம் ஏறுகிறாள், அவர் கையாட்டுகிறார், நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள், கதை எங்கேயாவது அச்சாகும். முடித்தும் வைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் ராஜையனே மாடிப்படி ஏறி வந்துவிட்டார். முடிந்த கதைக்குள் ஆள் ஏறி வந்தால் என்ன செய்ய?

5

சட்டை தோளில் தொங்கியது. மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன்.

"அந்தப் பேப்பரை நான் வாசிச்சுச் சொல்லணுமா?" என்று நானே கேட்டேன்.

"வேண்டாம் சாறே. அதுல என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியும். சோறு எறங்கல்ல, ஆளு பாதியாயாச்சு. அவ விட்டுட்டுச் சொன்னப்பவே வெளங்கிட்டு."

"அப்போ சாட்சி?"

"பொய்ச்சாட்சி சாறே." டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "வேற எப்பிடி அவளைப் பிளேன் ஏத்த? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவ நம்பணும். வீட்டுல வச்சுச் சொன்னா நம்பமாட்டா. சபையில பொய் சொல்லமாட்டேன்னு அவளுக்குத் தெரியும். அதான் அங்க சொன்னேன். அதுக்கு நான் கணக்குச் சொல்லிக்கிடுவேன். இப்ப காரியம் அது இல்ல."

சபையில் அவர் பெஞ்சுக்குப் பக்கத்து பெஞ்சு எபிசன். எபிசனின் மனைவி ஜெஸ்பினுக்கு மார்பில் கட்டி. ஆரம்ப நிலை, சிகிச்சை நடக்கிறது. சாட்சியைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் கீமோ ஊசி இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். நேற்று இருவரும் வீட்டுக்கு வந்து, தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொல்லி முட்டுக்குத்தி நின்றார்களாம்.

"ஆசுபத்திரிக்குப் போ மக்கா, கெஞ்சிக் கேக்கேன்னு சொன்னேன். 'ராஜையண்ணன் போனியளா?'ன்னு கேக்கான் சாறே."

"எபிசன்கிட்ட மட்டும் தனியா உண்மையச் சொல்லுங்க."

"ஜெஸ்பினும் எனக்க மவளும் ஒரே பாட்டுக்குழு. அன்னைக்கே அவ காதுல எத்திரும்."

"மக போனபொறவு சொல்லலாமே?"

"அடுத்த ஊசி திங்கக்கிழமை. இவ போறது மாசக் கடைசி."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். "சொன்னதையே வேற மாதிரிச் சொல்லுகதுக்குப் படிப்பிக்கிற ஆளாமே நீங்க. இந்த ஞாயிறு நான் திரும்ப எழும்பி நிக்கணும். நாலு வரி எழுதித் தாங்க. அதைக் கேட்டா ஜெஸ்பின் ஊசிக்குப் போணும். எனக்க மவ பிளேன் ஏறணும். இன்னொரு பொய்யும் வரப்பிடாது."

6

எழுதிப் பார்த்தேன். மறைக்காமல் எல்லாவற்றையும் வைக்கிறேன்.

"கர்த்தர் எனக்குச் செய்த நன்மையோடு மருந்தும்—" எபிசன் நன்மை வரைக்கும்தான் கேட்பான்.

"அவரவர் டாக்டர் சொல்வதை—" நீங்க போனியளா?

"போன வாரம் நான் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று—" விட்டது என்ற சொல் வாயில் வந்ததுமே ரெஜிஷா தலை நிமிர்ந்துவிடுவாள்.

"எனக்குச் சுகமாகவில்லை." இது போதும். ஜெஸ்பின் பிழைப்பாள். ரெஜிஷா பெட்டியை அவிழ்ப்பாள். தன் சாவைக்கூடப் பொறுத்துக்கொண்ட அந்த மனுஷனுக்கு அதைப் பொறுக்க முடியாது.

இத்தனை வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவனுக்கு நாலு வரி வரவில்லை. அவர் எதிர் பெஞ்சில் முட்டின்மேல் கைவைத்து, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆகவே வாசகரே, பேனாவை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். ஞாயிறு காலை எட்டரைக்கு ஆராதனை. ரெஜிஷாவும் ஜெஸ்பினும் முன்பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டு பேர் காதிலும் விழப்போவது ஒரே வார்த்தைதான்.

சீக்கிரம் எழுதுங்கள். அவருக்குக் கீரிப்பாறை பஸ்ஸுக்கு நேரமாகிறது.