மடித்த லுங்கி

எண்ணூர் கழிமுகத்தில் தூர்வாரும் கம்பெனியின் மிதவைப் படகை இறக்கி ஏற்றும் வேலையில் எத்திராஜுக்கு அன்றுதான் முதல் நாள். காலையில் டிராக்டர்காரன் டிரெய்லரைச் சிமெண்டுச் சரிவில் தண்ணீருக்குள் பின்னுக்கு விட்டதும் மிதவை தானாக எழும்பிவிட்டது. எத்திராஜ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிமெண்டு ஓரமாகவே நடந்தான். சாயங்காலம் அதே கயிற்றால் இழுத்து டிரெய்லரில் ஏற்றிக் கட்டினான். செருப்புகூட நனையவில்லை.

முப்பது வருஷம் நெட்டுக்குப்பத்தில் மார்பளவு தண்ணீரில் நின்று படகு தள்ளியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று எரிச்சலாக வந்தது.

சரிவின் மேலே அவன் மனைவி சம்பூரணம் நின்றிருந்தாள். அந்த முப்பது வருஷமும் கரையில் காத்து நின்றதுபோலவே, கையில் மடித்த உலர்ந்த லுங்கியோடு.

"இன்னாய்யா, நனையவே இல்லியா?" என்றவள் லுங்கியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வேல கீதுமே. நில்லு, வந்துட்றேன்."

டிராக்டர் படகை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எத்திராஜ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மார்பளவு தண்ணீர் வரும்வரை இறங்கி நடந்தான். பிறகு சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்து, "கொண்டா" என்று கை நீட்டினான்.