நடுத்துண்டு

நவம்பர் இருபத்திரண்டாம் தேதி ஆன்ட்யே தான் சுட்ட ஷ்டோலனை, அந்தக் கிறிஸ்துமஸ் ரொட்டியை, துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, மரப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். இனி டிசம்பர் இருபத்துநாலு சாயங்காலம் வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று எட்டு வயசு மகள் மேர்லே கேட்டாள்.

"கை அழுகிப் போகும்."

"நெஜமாவா?"

"தொட்டுப் பாரு, தெரியும்."

பெட்டியை வடக்குப் பக்கத்து பால்கனியில் கொண்டுபோய் வைத்தாள். ரொக்கோ மலைக் காற்று நேரே வந்து மோதுகிற இடம். அதைவிடக் குளிர்ந்த அலமாரி ஜப்பானில் இந்தக் கோபே ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. உள்ளே வெண்ணெயும் ரம்மும் திராட்சையும் பாதாமும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வர ஒரு மாசம் வேண்டும். போன வருஷம் சோதனைக்கு ஒன்று சுட்டு, பொறுமையில்லாமல் ஒரே வாரத்தில் வெட்டிப் பார்த்தாள். மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. அந்த வருத்தத்தில் இந்த வருஷம் பெட்டிப் பக்கம் போவதே இல்லை என்று தனக்குத்தானே சபதம் போட்டிருந்தாள்.

சபதத்துக்குக் காரணம் ரொட்டி மட்டும் இல்லை, நாத்தனார்.

கணவன் ஃபோல்க்மாரின் அக்கா ரோஸ்வித்தா, ஜெர்மனியில் ட்ரெஸ்டன்காரி. அந்த ஊர்க்காரர்களுக்கு ஷ்டோலன் என்றால் ஏதோ அவர்கள் தாத்தா சொர்க்கத்திலிருந்து கையோடு எடுத்து வந்த மாதிரி ஒரு நினைப்பு. ஆன்ட்யே வடகடல் ஓரத்து எம்டன் ஊர்ப் பெண். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு ட்ரெஸ்டன் போனபோது, கத்தியைக் கையில் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். எல்லா ரொட்டியையும் வெட்டுகிற மாதிரி இவள் நுனியிலிருந்து ஆரம்பித்தாள். ரோஸ்வித்தா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஐயோ, ஐயோ! நடுவுல வெட்டணும்மா! வெட்டி எடுத்துட்டு ரெண்டு பாதியையும் சேத்து ஒட்டி வைக்கணும். அப்பத்தான் காயாது. மீன்காரங்க வீட்டுல இதெல்லாம் எங்க சொல்லித் தந்திருக்கப் போறாங்க!"

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த 'மீன்காரங்க வீடு' ஆன்ட்யேயின் நெஞ்சில் முள்ளாகவே நின்றது. ஃபோல்க்மாருக்குக் கோபே துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் வேலை கிடைத்துக் குடிவந்த பிறகும், வருஷா வருஷம் ட்ரெஸ்டனிலிருந்து பார்சல் வரும். கூடவே ஒரு சீட்டும் வரும்: "நடுவில் வெட்டவும்."

செப்டம்பரில் ஆன்ட்யே போன் போட்டாள். "அண்ணி, இந்த வருஷம் அனுப்ப வேண்டாம். நானே சுடுறேன்."

ரோஸ்வித்தாவின் குரல் உயர்ந்தது. "நீயா? அந்த ஊர்லயா? மைக்ரோவேவோட ஒட்டிப் பொறந்த அந்தக் குட்டி அடுப்புலயா?"

"ஆமா, அதுலதான்."

"சரி. நானே வந்து பாக்குறேன்."

போனை வைத்ததும் ஃபோல்க்மார் தலையில் கை வைத்துக்கொண்டான். "கொல்லன் தெருவுல ஊசி விக்கக் கிளம்பிட்டியே! பேசாம பார்சலை வாங்கித் தின்னுட்டு இருந்திருக்கலாம்ல?"

"உனக்கென்ன, தின்னா போதும். இந்த வீட்டுல பன்னெண்டு வருஷமா கிறிஸ்துமஸ் உங்க அக்காவோடது. ஒரு வருஷமாவது என்னோடதா இருக்கட்டும்."

அதுதான் விஷயம். வேறொன்றும் இல்லை.

அடுப்பு சின்னதுதான். ரெண்டு சாண் நீள ரொட்டியைக் கோணலாக வைத்தால்தான் கதவு மூடும். சர்க்கரைப் பாகில் போட்ட எலுமிச்சைத் தோல் கடையில் கிடைத்தது பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. அதைத் தூர எறிந்தாள். கீழ்வீட்டு இசோபே அம்மா தன் மரத்து யூசு என்கிற பழத்தை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். எலுமிச்சைக்கும் நாரத்தைக்கும் நடுவில் ஒரு ஜாதி அது, வாசனை ஊரைத் தூக்கும். மூன்று நாள் அதன் தோலைப் பாகில் காய்ச்சி மாவில் சேர்த்தாள். ட்ரெஸ்டன்காரர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். வரட்டுமே என்றுதான் சேர்த்தாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் பதினாலாம் தேதி ரோஸ்வித்தா வந்து இறங்கினாள். வந்த கையோடு தன் பயணப் பெட்டியைத் திறந்து, ரெண்டு ஸ்வெட்டருக்கு நடுவிலிருந்து ஒரு ஷ்டோலனை எடுத்துக் கூடத்து அலமாரி மேல் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

"சும்மா, ஒரு பாதுகாப்புக்குக் கொண்டுவந்தேன்."

ஆன்ட்யே அதை முறைத்தாள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு மாற்று மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டா போவார்கள்?

"இருபத்துநாலாம் தேதி ரெண்டையும் வெட்டுவோம்," என்றாள் ரோஸ்வித்தா. "உன்னோடது நல்லாயிருந்தா நான் இனிமே அனுப்பல."

"நல்லா இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு பார்சலை வாங்கிக்கணும், அதானே அண்ணி?"

"நான் அப்படிச் சொல்லல. நீதான் சொன்னே."

நாத்தனாருக்கு வடக்குப் பக்கத்துப் பாய் விரித்த அறையைக் கொடுத்தார்கள். பால்கனி அந்த அறையை ஒட்டித்தான். பெட்டியை இடம் மாற்றலாமா என்று ஆன்ட்யே ஒரு நிமிஷம் யோசித்தாள். மாற்றினால் சூடு பட்டுவிடும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ரோஸ்வித்தாவும் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டிக்கூடப் பார்க்க மாட்டாளா என்று ஆன்ட்யேக்கு அதிலும் ஒரு கோபம்.

நாள்கள் நன்றாகத்தான் போயின, குறை சொல்லக் கூடாது. கூடத்தில் கோத்தாட்சு மேசை. மேலே மெத்தை மூடி, அடியில் சூடு வரும். தரையில் உட்கார மாட்டேன் என்று முதல் நாள் முறைத்துக்கொண்டு நின்ற ரோஸ்வித்தா, ரெண்டாம் நாள் அதற்குள் காலை நீட்டினாள். மூன்றாம் நாளிலிருந்து அவளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. மேசை மேல் மெழுகுவர்த்தி வளையம், தட்டு நிறைய வனிலா பிஸ்கட், அடியில் நாலு ஜோடிக் கால்கள். மேர்லே அத்தையின் உள்ளங்காலைக் கிச்சுக்கிச்சு மூட்டுவாள். ரோஸ்வித்தா ஒரு பிஸ்கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "கொஞ்சம் தடிமன்." அப்புறம் இன்னொன்றை எடுப்பாள். "இதுவும் தடிமன்." தட்டு காலியாகும் வரைக்கும் தடிமன்தான்.

ஆனால் தினமும் மூன்று மணி ஆனால் போதும், "தலைவலி" என்பாள். ஒரு கோப்பை காபியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொள்வாள். அரை மணி நேரம் கழித்து முகம் தெளிந்து வெளியே வருவாள்.

பத்தொன்பதாம் தேதி மேர்லே அடுக்களைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். "அம்மா, அத்தை ரூம்ல ரம் வாசனை அடிக்குது."

ஃபோல்க்மார் கையிலிருந்த உருளைக்கிழங்கு தொட்டியில் விழுந்தது. "எங்க அக்காவா? ஞாயித்துக்கிழமை ஒரு கிளாஸ் ஒயினைக்கூட அளந்து ஊத்துறவளாச்சே!"

"தனியா இருக்காங்கல்ல," என்றாள் ஆன்ட்யே. "வெளிய சொல்ல முடியாத கஷ்டம் என்ன இருக்கோ."

பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், கூடவே கடுகளவு சந்தோஷமும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து உடனே வெட்கப்பட்டாள். அன்றைக்கு ராத்திரி நாத்தனாருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு சூப் வைத்து ரெண்டு கரண்டி கூடவே ஊற்றினாள். ரோஸ்வித்தா அதையும் குடித்துவிட்டு, "உப்பு ஒரு கல்லு குறைவு" என்றாள்.

இருபத்துநாலாம் தேதி. நாலு மணி. காபி தயார். யூசு கொடுத்த இசோபே அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள், கை நிறைய ஸ்ட்ராபெரியோடு வந்து உட்கார்ந்தாள். மேசையின் ஒரு பக்கம் ட்ரெஸ்டன் ஷ்டோலன், தட்டு, கத்தி எல்லாம் ராஜ மரியாதையோடு. ஆன்ட்யே பால்கனிக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெட்டி லேசாக இருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. மனசு அவ்வளவு கனத்துக் கிடந்தது.

முடிச்சை அவிழ்த்தாள். துணியை விலக்கினாள்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

ரெண்டு சாண் நீளம் வைத்த ரொட்டி ஒரு சாண்கூட இல்லை. தலை இருக்கிறது, கால் இருக்கிறது, நடு உடம்பைக் காணோம். மேலே மட்டும் சர்க்கரைப் பொடி பூசி, ஒன்றுமே தெரியாத குழந்தை மாதிரிப் படுத்திருந்தது.

"ஃபோல்க்மார்!"

"என்னை ஏன் பாக்குறே? சத்தியமா நான் இல்ல!"

"மேர்லே! கையைக் காட்டு!"

"எனக்குத் திராட்சையே பிடிக்காதும்மா!" மேர்லேயின் கண் நிரம்பிவிட்டது. பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஒன்றும் அழுகவில்லை.

 ஒரு மாசக் காத்திருப்பு, பன்னிரண்டு வருஷத்து வைராக்கியம். கடைசியில் பாதி ரொட்டியை வைத்துக்கொண்டு இந்த மகராசி முன்னால் நிற்க வேண்டியதாகிவிட்டதே!

"எலியா இருக்குமோ?" என்றாள் இசோபே அம்மா, ரொம்ப மரியாதையாக.

ஃபோல்க்மார் குனிந்து பார்த்தான். "எலிதான். ஆனா கெட்டிக்கார எலி. வெட்டின எடத்துல வெண்ணெய் தடவி, சேத்து ஒட்டி, மேல சர்க்கரை தூவிட்டுப் போயிருக்கு."

ஆன்ட்யே கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஆமாம். நட்டநடுவில் மயிரிழை போல ஒரு கோடு. ரெண்டு பாதியும் பிசகில்லாமல் ஒட்டியிருக்கின்றன. ஃபோல்க்மார் திருடினால் நுனியைப் பிய்த்துத் தின்றுவிட்டு ஓடுகிறவன். மேர்லே திருடினால் சர்க்கரையை மட்டும் நக்கியிருப்பாள். இந்த வீட்டில் நடுவில் வெட்டி ஒட்டி வைக்கத் தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான்.

மூன்று மணித் தலைவலி. ஒரு கோப்பை காபி. ரம் வாசனை.

அவள் தலையை நிமிர்த்தினாள். அவளோடு எல்லாருடைய தலையும் திரும்பியது.

ரோஸ்வித்தாவின் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. கறுப்பு ஸ்வெட்டரில் இல்லாத தூசியைத் தட்டினாள். ஸ்ட்ராபெரியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பார்க்க வேறொன்றும் மிச்சமில்லாததால் கடைசியில் ஆன்ட்யேயைப் பார்த்தாள்.

"தப்புக் கண்டுபிடிக்கத்தான் வெட்டினேன்," என்றாள். "வந்த அன்னிக்கே. மெல்லிசா ஒரே ஒரு துண்டு."

"கண்டுபிடிச்சீங்களா அண்ணி?"

"இல்ல. சரி, நாளைக்குப் பாப்போம்னு மறுநாள் இன்னொண்ணு வெட்டினேன்." குரல் இறங்கிக்கொண்டே போனது. "பத்து நாளா தேடுறேன்மா. கிடைக்கல."

ஃபோல்க்மார் முதலில் சிரித்தான். அப்புறம் மேர்லே. இசோபே அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். ஆன்ட்யே மட்டும் சிரிக்கவில்லை, முடியவில்லை. உள்ளே என்னமோ பொங்கிக்கொண்டு வந்தது. இருபத்துநாலாம் தேதி மேசையில் உட்கார்ந்து "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை வாங்கினால் போதும் என்றுதானே ஏங்கினாள்! ட்ரெஸ்டன்காரி ஒருத்தி, தன் ரொட்டியை அலமாரி மேல் அநாதையாக விட்டுவிட்டு, குளிரில் பால்கனிக்குப் போய்ப் பத்து நாள் திருடித் தின்றிருக்கிறாள். இதைவிடப் பெரிய பட்டம் எந்த ராஜா கொடுப்பான்?

"அந்தத் தோல் எலுமிச்சை இல்ல," என்றாள் ரோஸ்வித்தா திடீரென்று. "அது என்னன்னு மட்டும் சொல்லிடு. தூக்கம் வரல எனக்கு."

"யூசு. இவங்க மரத்தோடது."

இசோபே அம்மா குனிந்து ஒரு வணக்கம் போட்டாள். ரோஸ்வித்தாவும் பதிலுக்குக் குனிந்தாள், பத்து நாளில் பழகிவிட்டது. அப்புறம் எழுந்து, தன் ஷ்டோலனைத் தட்டோடு தூக்கிப் பழையபடி அலமாரி மேல் வைத்துவிட்டு வந்தாள்.

"அதை வெட்டலையா அக்கா?" என்றான் ஃபோல்க்மார்.

"வேண்டாம். பயணத்துல கசங்கிப் போச்சு."

ஆன்ட்யே கத்தியை எடுத்தாள். இருந்ததை நட்டநடுவில் வெட்டினாள். இசோபே அம்மாவுக்கு ஒரு துண்டு, ஃபோல்க்மாருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, திராட்சையை நோண்டி எடுத்துவிட்டு மேர்லேக்கு ஒன்று. ரோஸ்வித்தா தட்டை நீட்டினாள்.

"உங்களுக்குக் கிடையாது அண்ணி. உங்க பங்கு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"அடிப்பாவி! விருந்தாளிக்கு இப்படியா?"

"எங்க மீன்காரங்க வீட்டு வழக்கம் இது."

தட்டு நீட்டியபடியே நின்றது. ஆன்ட்யே ஒரு நிமிஷம் அதை அப்படியே நிற்கவிட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு நிமிஷம் அதிகமில்லை. பிறகு நடுப்பக்கத்திலிருந்து நல்ல தடிமனாக ஒரு துண்டு வெட்டி வைத்தாள்.

ரோஸ்வித்தா கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். இந்தத் தடவை தடிமன் என்று சொல்லவில்லை.

"அடுத்த நவம்பர்ல ரெண்டு சுடு," என்றாள் வாயில் ரொட்டியோடு. "ஒண்ணை எனக்குப் பார்சல்ல அனுப்பு. என் தெருவுல நாலு பேரு இருக்காங்க, அவங்களும் கொஞ்சம் தப்புத் தேடிப் பாக்கட்டும்."

ஃபோல்க்மார் கோப்பையைக் கீழே வைத்தான். "கேட்டியா! கொல்லன் தெருவுலேருந்தே ஊசிக்கு ஆர்டர் வந்திருச்சு!"

"அனுப்புறேன் அண்ணி," என்றாள் ஆன்ட்யே. கழுத்து தானாக நிமிர்ந்தது, அதை மறைக்க அவள் முயற்சி பண்ணவே இல்லை. "கூடவே ஒரு சீட்டும் வைக்கிறேன்."

"எனக்கா? என்னன்னு எழுதுவே?"

"'இருபத்துநாலுக்கு முன்னாடி தொட்டா கை அழுகிப் போகும்'னு."