தலைக்கு ஒரு துரோகம்

கணவன் தடம் மாறுகிறானா என்று தெரிந்துகொள்ளச் சில பெண்கள் சட்டையை முகர்ந்து பார்ப்பார்கள். சிலர் அவன் குளிக்கப் போன நேரத்தில் கைபேசியை நோண்டுவார்கள். சலூன்காரிக்கு அந்தப் பாடெல்லாம் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை காலை, கடைக்கு விடுமுறை. வழக்கம்போல் கணவரை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, பின்னந்தலையில் சீப்பை ஓட்டினாள். சீப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தத் தலையில் வேறு யாரோ கை வைத்திருந்தார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலை அவளுடைய ஏகபோகச் சொத்து. சுழி எங்கே இருக்கிறது, எந்த இடத்து முடி முரண்டு பிடிக்கும், எங்கே வழுக்கை மெல்ல எட்டிப் பார்க்கிறது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மனிதர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்குட்டிகள் எதிரே வரும் லாரியைக் குறிவைத்து வண்டியை விட்டாலும், "பிரேக் நடுவுல இருக்கும்மா, மெதுவா" என்று சொல்லக்கூடிய நிதானஸ்தர். அப்பேர்ப்பட்டவர் கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் எச்சில் விழுங்கினார்.

"என்னங்க, யாரு வெட்டினது?"

"எதை?"

"உங்க முடியத்தான்."

"யாரும் வெட்டலையே. தானா கொட்டியிருக்கும். வயசாகுதுல்ல."

"காதுக்குப் பின்னால மட்டும், அளவெடுத்து, படிப்படியா கொட்டுமா?"

அவர் திருதிருவென்று விழித்தார். அவளோ தலையைக் குனிய வைத்து வெளிச்சத்தில் இன்னொருமுறை பார்த்தாள். வலக்கையால் வெட்டினால் பின்கழுத்து முடி ஒரு பக்கம் லேசாகச் சரியும். இடக்கையால் வெட்டினால் சரிவு மறுபக்கம் வரும். ஊர்க்கண்ணுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. இது இடக்கை வேலை. இடக்கைக்காரர்கள் ஆயிரம் பேர் இருக்கட்டும், காதுக்குப் பின்னால் அந்தக் குட்டிப் படியை வைப்பவள் ஒருத்திதான். அவள் சலூன்காரியின் தங்கை.

தங்கையோடு பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. அக்கா கடையில் அவள் நெடுநாள் இருந்தாள். தலை கழுவுவாள், துண்டு மடிப்பாள், தரை கூட்டுவாள். கத்திரியை மட்டும் அக்கா அவள் கையில் கொடுக்க மாட்டாள். "நீ இடக்கையில பிடிச்சா பாக்கறவங்களுக்குப் பயமா இருக்கும்டி, காதை அறுத்துடுவியோன்னு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். அக்கா புருஷன் தலையை விட்டுவிட்டு, வீட்டில் மற்ற எல்லார் தலையிலும் வெட்டிப் பழகித்தான் தங்கை தேறினாள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய், நாலு தெரு தள்ளி ஒரு கடையைத் திறந்துவிட்டாள். போகிற போக்கில் அக்காவின் வாடிக்கைக்காரப் பெண்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு அக்கா வீட்டின் நடுவே நின்று உத்தரவு போட்டாள்: "இனிமே அந்தத் தெருப் பக்கம் யாரும் தலை வச்சுப் படுக்கக் கூடாது. அங்க போறவங்க எனக்கு வேண்டாதவங்க." எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

அப்படி ஆட்டிய தலைதான் இப்போது அவள் கைக்குள் இருந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"என்னை எதுவும் கேக்காத. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

ஒரு பெண்டாட்டியிடம் சொல்லக்கூடாத வாக்கியங்களுக்கு ஒரு போட்டி வைத்தால் இதற்குத்தான் முதல் பரிசு. அவள் கத்திரியை மேஜையில் வைத்தாள். கேள்விகளுக்கு நடுவே, தொழில் பழக்கத்தில், வலது பக்கம் வெட்டி முடித்திருந்தாள், இடது பக்கம் காடாகக் கிடந்தது. "மிச்சத்தை வாக்குக் கொடுத்த இடத்துலயே போய் வெட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

வீடு கடைக்கு மேலேதான். சமையலறையில் கல்லூரிக்குப் போகும் மகள் நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். சலூன்காரிக்கு அழுகை வந்தது. யாராவது ஒருத்தியாவது நம் பக்கம் இருக்கிறாளே என்று மகளின் தலையைத் தடவினாள். தடவிய கை நெற்றியில் வந்து நின்றது. நெற்றி முடியின் சரிவும் மறுபக்கம்.

"நீயுமாடி?"

மகள் ரொட்டியை மெல்ல மறந்தாள். "அம்மா, நான் வெட்டிக்கப் போகல. சும்மா உக்காரத்தான் போனேன். சித்தி கை சும்மா இருக்குமா?"

"உக்காரப் போனியா? ஏன், நம்ம வீட்ல நாற்காலி இல்லியா?"

மகள் பையைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டாள். மிச்சமிருந்தது முன்னறையில் தொலைக்காட்சியின் எதிரே கண்ணயர்ந்திருந்த சலூன்காரியின் அம்மா. சலூன்காரி பூனை நடை போட்டுப் பின்னால் போய், கொண்டையை மெல்லத் தூக்கிப் பின்கழுத்தைப் பார்த்தாள். அங்கேயும் அதே கை.

அம்மா கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள். "கண்டுபிடிச்சுட்டியா? நல்லதாப் போச்சு. உனக்குப் பயந்து பயந்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு."

"பெத்தவளே இப்படிப் பண்ணலாமாம்மா?"

"அவளையும் நான்தாண்டி பெத்தேன். என் வாயைப் பிடுங்காத. போய் உன் கண்ணால பாத்துக்கோ."

பார்க்காமல் விடுவாளா? தெருவில் இறங்கி நடந்தாள். நடை என்று சொல்லக் கூடாது, படையெடுப்பு. கணவன், மகள், அம்மா. மூன்று தலை, தலைக்கு ஒரு துரோகம். ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேரும் அவள் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு, அவள் போட்ட சாப்பாட்டையும் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும். நானா அவளா என்று கேட்டுவிட வேண்டும். அவள்தான் என்று அவர்கள் சொல்லிவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் நடை கொஞ்சம் தளர்ந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் தனக்கென்று யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

உண்மையில் அவளை எரித்தது இன்னொன்று. வெட்டு அழகாக இருந்தது. கணவரின் தலையில் முரண்டு பிடிக்கும் அந்த இடத்தை இத்தனை வருஷமாக அவள் தண்ணீர் தெளித்து அடக்கித்தான் வைத்திருக்கிறாள். தங்கை அதைச் சத்தமில்லாமல் படிய வைத்திருந்தாள். தொழில்காரிக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்?

தங்கையின் கடை ஒற்றை அறை. வாசல் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். எதிர்ச் சாரியில் பேருந்து நிறுத்தத்தின் தூணுக்குப் பின்னால் நின்று சலூன்காரி எட்டிப் பார்த்தாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது சாட்சாத் அவள் புருஷன். பாதி வெட்டிய தலையோடு, காரை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே பறந்து வந்திருக்கிறார். சொன்ன சொல்லை இப்படி அட்சரம் பிசகாமல் கேட்கிற மனுஷனை என்ன செய்வது?

தங்கை பின்னால் நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கத்திரி திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. சலூன்காரி புருவத்தைச் சுருக்கினாள். துணியின் மேல் முடி விழவில்லை. கத்திரி முடிக்கு மேலே வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. சீப்பு ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது, ஆளைத் திருப்பித் திருப்பி உட்கார வைக்கிறாள், ஒரு முடி விழவில்லை. அவள் கண்ணோ கண்ணாடியில் இல்லை. தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்களைத் தவிர கடையில் ஈ காக்கை இல்லை. மற்ற இரண்டு நாற்காலிகளும் துடைத்த பளபளப்போடு சும்மா கிடந்தன.

அவளுக்குச் சுருக்கென்றது. காலியாகக் கிடக்கும் சலூனுக்குள் யாரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் ஜன்னலோரத்தில். இது அவர்கள் தொழிலின் அரிச்சுவடி. தங்கைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அக்கா தன் கடையைத் திறந்த புதிதில் நாள் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் தங்கை. அப்போது அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. சும்மா உட்கார்ந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தினமும் கொஞ்சம் வெட்டச் சொன்னாள். "வெட்டுக்கா, முடிதானே, வளரும்" என்பாள். நிஜ வாடிக்கைக்காரி ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதற்குள் இடுப்பில் இருந்த முடி தோளுக்கு வந்துவிட்டது. அப்புறம் அதை அவள் வளர்க்கவே இல்லை. அக்கா அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதும் இல்லை.

தூணுக்குப் பின்னால் நின்று சலூன்காரி அழுதாள். பக்கத்தில் பேருந்துக்கு நின்ற பெண்மணி, "பஸ் வந்துடும்மா, இதுக்குப் போயி" என்று ஆறுதல் சொன்னாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்து கதவைத் தள்ளினாள். காற்றை வெட்டிய கத்திரி நின்றது. கணவர் எழுந்திருக்கப் பார்த்தார். கழுத்துத் துணி நாற்காலியில் மாட்டிக்கொண்டு இழுக்க, மறுபடியும் உட்கார்ந்தார்.

"நான்தான் தப்பு பண்ணினேன்" என்று அவர் முந்திக்கொண்டார். "இந்த வழியா கார்ல போறப்பல்லாம் பாப்பேன், தனியா உக்காந்திருப்பா. மனசு கேக்கல. திங்கக்கிழமை நான், புதன்கிழமை நம்ம பொண்ணு, வெள்ளிக்கிழமை அத்தை. முறை வச்சு உக்காந்துட்டுப் போறோம். துரோகம்தான். ஒத்துக்கறேன்."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு வீட்ல இருக்கு." அவள் தங்கையைப் பார்த்தாள். "கடை நடக்கலையா?"

தங்கை கத்திரியைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த கத்திரி. "முதல்ல நடந்துச்சு. உங்கிட்ட இருந்து கூட்டிட்டு வந்தவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா உங்கிட்டயே திரும்பிட்டாங்க. இடக்கைன்னா பயமா இருக்காம். இந்த மாசக் கடைசியில மூடிடலாம்னு இருக்கேன். உனக்குச் சந்தோஷமா இருக்கும்."

அந்தப் பயத்தை ஊருக்கு ஊட்டி வளர்த்தவள் யார் என்று அக்காவுக்குத் தெரியும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்றதுக்கு நீ கதவைத் திறந்து வச்சிருந்தியா? இவங்ககிட்டயும் நான்தான் சத்தியம் வாங்கினேன். நான் தோத்தது உனக்குத் தெரியக் கூடாதுன்னு." தங்கையின் குரல் உடைந்தது. "அதனாலதான் மயிரிழை அளவுக்குமேல நான் யாருக்கும் வெட்டவே இல்ல. எப்படிக்கா தெரிஞ்சது?"

"உன் கை எனக்குத் தெரியாதாடி?"

கணவர் தொண்டையைக் கனைத்து, "இடது பக்கத்தை யாராவது முடிச்சு விட்டா நல்லா இருக்கும்" என்றார்.

"எந்திரிங்க" என்றாள் சலூன்காரி.

"பாதித் தலையோடவா?"

"ஒரு பாதி நான் வெட்டியாச்சு. மிச்சத்தை அந்த உள் நாற்காலியில உக்காந்து காத்திருந்து வெட்டிக்கோங்க. கடையில ரெண்டு பேர் இருந்தா இன்னும் நல்லது."

அவர் இடம் மாறினார். அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வட்டாரத்தில் அவளைத் தெரியாத பெண் கிடையாது. பெரிய சலூன்காரியே இங்கே வந்து தலையைக் கொடுக்கிறாள் என்றால் அந்தச் செய்தி பொழுது சாய்வதற்குள் நாலு தெருவையும் சுற்றி வந்துவிடும். தன் நாற்காலிகளில் ஒன்றிரண்டு நாளைக்குக் காலியாகும் என்பதும் அவளுக்குத் தெரியும். போகட்டும் என்று கொண்டையை அவிழ்த்தாள். முடி முதுகில் விழுந்து இடுப்பைத் தொட்டது. நுனி கோணல்மாணலாக இருந்தது. ஊருக்கெல்லாம் வெட்டுகிறவளுக்குப் பின்னால் நின்று வெட்ட இத்தனை வருஷமாக ஆளில்லை. இரண்டு கண்ணாடியை வைத்துக்கொண்டு தானே வெட்டி, கோணலைக் கொண்டைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

தங்கை அந்தக் கோணலை விரலால் தொட்டுப் பார்த்தாள். "கண்றாவியா இருக்குக்கா."

"தெரியும்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் நடந்து போனாள். நாலு எட்டு போனவள் நின்று, திரும்பி வந்து, கண்ணாடியில் மூக்கு படாத குறையாக உள்ளே பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

தங்கை துணியைக் கட்டினாள். கத்திரியை வழக்கமான கையில், இடக்கையில், எடுத்தாள்.

"எவ்வளவு வெட்டணும்?"

"அன்னிக்கு உன்னோடது எதுவரைக்கும் போச்சு?"

தங்கை தன் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"அதுவரைக்கும் வெட்டு" என்றாள் அக்கா. "ஒரே நாள்ல முடிச்சுடாத. நாளைக்கும் வந்து உக்காரணும்."